ஒரே புள்ளிக்கு இரண்டு வேலை

தேனி மாவட்டத்தையும் இயற்பியலையும் சேர்த்துச் சொன்னால் உடனே நினைவுக்கு வருவது பொட்டிப்புரம்தான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நியூட்ரினோ ஆய்வகம், 50,000 டன் இரும்பை அடுக்கித் துகளைத் தேடும் திட்டம், அதற்கு எழுந்த எதிர்ப்பு என்று பேச்சு அந்தப் பக்கமே போய்விடும். அதே போடி மலைகளில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு இயற்பியல் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். மலைமேல் விளைந்த தேயிலையைக் கீழே கொண்டுவர எதன்மேல் எதை உருட்டுவது என்பது அந்தக் கேள்வி.

1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டார்கள். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். சுமையில் பெரும்பங்கு தண்டவாளத்தின்மேல் ஓடும் சின்னச் சக்கரத்தில் இறங்கும்; வண்டி சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வரும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில்பாதை போட்டார்கள். 1924-இன் பெருவெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனுக்குக் கீழே தண்டவாளம் இல்லை. அங்கிருந்து கொட்டகுடி வரை சுமார் 5 கிலோமீட்டர் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல்தான்.

ஒரே சரக்குக்குத் தண்டவாளம், வடம், மண்சாலை என்று மூன்று ஏற்பாடு ஏன்? பண வசதி, காட்டுரிமை, சமஸ்தான எல்லை என்று காரணங்கள் பல இருக்கலாம். அடியில் இருக்கும் காரணம் இயற்பியல். சக்கரம் தரையைத் தொடும் அந்தச் சின்ன இடத்திடம் நாம் இரண்டு வேலை கேட்கிறோம். எளிதாக உருள விட வேண்டும். அதே சமயம் நழுவாமல் பிடிக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இரும்பின்மேல் இரும்பு அருமையாக உருளும், பிடி குறைவு. தார்ச்சாலையில் ரப்பர் நன்றாகப் பிடிக்கும், உருட்டுவதற்கு இரும்பைவிடப் பல மடங்கு விசை கேட்கும். ஈவிங் வண்டியின் சாமர்த்தியம் இதில்தான்: உருளும் வேலையைத் தண்டவாளத்துக்கும், பிடிக்கும் வேலையைச் சாலையில் ஊன்றும் மாட்டுக் குளம்புக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. ரயில் எஞ்சினுக்கு அந்தச் சலுகை இல்லை.

நழுவாமல் உருளுதல் என்றால் என்ன என்பதைப் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: அச்சு முன்னேறும் வேகமும், கோணத் திசைவேகத்தை ஆரத்தால் பெருக்கி வருவதும் சமமாக இருக்க வேண்டும். வரி சின்னது, அதற்குள் இருக்கும் செய்தி பலருக்கு நம்பக் கடினம். அச்சோடு சேர்ந்து சக்கரம் முழுதும் முன்னே போகிறது. சுழற்சியால் அடிவிளிம்பு அதே வேகத்தில் பின்னே போகிறது. இரண்டும் கழிந்து, தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சிவிளிம்பில் இரண்டும் கூடுவதால் அது வண்டியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கிறது. போடியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயிலில் இன்னும் வேடிக்கை. தண்டவாளத்தின் உள்பக்கமாகச் சக்கரத்தின் விளிம்பு மடல் சுமார் 3 சென்டிமீட்டர் கீழே தொங்குகிறது. தொடும் புள்ளி நிற்கிறது என்றால் அதற்கும் கீழே இருப்பது பின்னோக்கித்தானே போக வேண்டும்? 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும்போது அந்த மடலின் அடிநுனி மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

தொடும் புள்ளி நிற்பதால் அங்கே செயல்படுவது நிலை உராய்வு. விசை உண்டு, இடப்பெயர்ச்சி இல்லை. ஆகவே வேலை இல்லை, வெப்ப இழப்பும் இல்லை. உராய்வு என்றாலே சக்தியைத் தின்பது என்று பழகிய மனத்துக்கு இது முதல் அதிர்ச்சி. இரண்டாவது அதிர்ச்சி, அதன் திசை. 'உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே வரிசையாகத் தடுக்கி விழுவார்கள். சமதரையில் ஒரே வேகத்தில் தன்பாட்டுக்கு உருளும் சக்கரத்துக்கு நிலை உராய்வே தேவையில்லை, அது பூஜ்யம். வேகம் கூட்டும் பேருந்தின் பின்சக்கரத்தில், அதாவது எஞ்சின் சுழற்றும் சக்கரத்தில், உராய்வு முன்னோக்கி இருக்கும். பேருந்தைத் தள்ளுவதே அதுதான். அதே பேருந்தின் முன்சக்கரம் வெறுமனே இழுபடுவது, அதைச் சுழலவைக்கும் உராய்வு பின்னோக்கி இருக்கும். சரிவில் இறங்கும் பந்தின்மேல் உராய்வு மேல்நோக்கி. சரி, சரிவில் ஏறும் பந்தின்மேல்? அதுவும் மேல்நோக்கித்தான். ஏறும் பந்தின் வேகம் குறைகிறது, அதோடு சுழற்சியும் குறைய வேண்டும். அந்தக் குறைப்பைச் செய்ய உராய்வு மேல்நோக்கித்தான் இருந்தாக வேண்டும். தேர்வில் சாய்தளத்தில் உருளும் பொருள்களில் எது முதலில் கீழே வரும் என்று கேட்பார்களே தவிர, இதைக் கேட்பது அரிது. கேட்டிருந்தால் எத்தனை பேர் பாடத்தைப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்திருக்கும்.

சாய்தளப் பந்தயம் பாடநூலின் செல்லப்பிள்ளை என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உராய்வே இல்லாமல் வழுக்கி இறங்கும் பொருளின் முடுக்கத்தை 1 என்று வைத்தால், திண்மக் கோளத்துக்கு 5/7, திண்ம உருளைக்கு 2/3, உள்ளீடற்ற கோளத்துக்கு 3/5, மெல்லிய வளையத்துக்கு 1/2. எடையும் அளவும் கணக்கில் வராது. பொருண்மை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மட்டுமே வரும். அதனால்தான் பிள்ளைகள் குச்சியால் தட்டி ஓட்டும் பழைய சைக்கிள் டயர் எப்போதும் பின்தங்கும், கோலிக்குண்டு முந்தும். கம்பம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கிடைக்கும் இளநீரை இந்தப் பந்தயத்தில் விட்டால் கணக்கு சுவையாகிறது. ஓடு சுழல்கிறது, உள்ளிருக்கும் நீர் உடனே சுழலத் தொடங்குவதில்லை. நீரின் எடை கீழே இழுக்கிறது. சுழற்சிக்கென்று அது அதிகம் பங்கு கேட்பதில்லை. ஆகவே அதே வடிவமும் எடையும் கொண்ட உறைந்த பொருளைவிட அது முந்தும்.

நழுவலின் எல்லையைப் பாடநூல்கள் கடைசியில் ஒரு கணக்காக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் மையம். உராய்வெண் 0.3 என்று கொள்வோம். வெறும் பெட்டி ஒன்று சுமார் 17 பாகைச் சரிவிலேயே சறுக்கத் தொடங்கும். வளையம் 31 பாகை வரை நழுவாமல் உருளும். திண்மக் கோளம் 46 பாகை வரை தாங்கும். அதற்குமேல் போனால் உருளலோடு சறுக்கலும் கலந்துவிடும். உருள்வதற்குக் குறைவாக உராய்வு கேட்கும் வடிவமே அதிகச் சரிவைத் தாங்குகிறது. தரையின் பிடியும் பொருளின் வடிவமும் சேர்ந்துதான் எல்லையை வகுக்கின்றன.

எல்லைக்கு அந்தப் பக்கத்தில் தொடங்கி உருளலுக்குத் திரும்பி வருவதும் உண்டு. விரலால் சுண்டிய கோலி முதலில் சுழலாமல் சறுக்கிப் போகும். தரை அதைப் பின்னோக்கித் தேய்க்கும். வேகம் குறையும், சுழற்சி ஏறும். இரண்டும் பொருந்தும் கணத்தில் உருளத் தொடங்கும். அப்போது அதன் வேகம் தொடக்க வேகத்தில் சரியாக 5/7. மண் தரையோ சிமெண்டுத் தரையோ, உராய்வெண் எதுவானாலும் இதே பின்னம்தான். சொரசொரப்பான தரையில் அந்த நிலை சீக்கிரம் வரும், அவ்வளவுதான். ஆற்றலில் 2/7 பங்கு வெப்பமாகிவிடும்.

சாய்தளப் பந்தயத்தில் வந்த 5/7 என்ற பின்னம் கலிலியோவிடமிருந்து தப்பியது. 1638-இல் வெளிவந்த நூலில், சாய்த்து வைத்த மரப்பலகையில் வெட்டிய பள்ளத்தில் வெண்கலப் பந்தை உருட்டி, கடக்கும் தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதை அவர் காட்டினார். அவர் விகிதத்தை மட்டும் பார்த்ததால் சுழற்சி தின்ற பங்கு கண்ணில் படவில்லை. பள்ளத்தில் உருளும் பந்து இரு ஓரங்களில் தொடுவதால் அதன் உருளும் ஆரம் இன்னும் குறைவு, முடுக்கம் 5/7-ஐவிடவும் குறைவு. ஒரே பந்தும் ஒரே பள்ளமும் இருக்கும்வரை அந்தக் குறைவு மாறாத ஒரே பின்னம் என்பதால் விதி தப்பித்தது.

ஆண்டிபட்டி, சக்கம்பட்டி பக்கம் தறி ஓடும் வீடுகளில் நூல்கண்டு தரையில் கிடந்தால் இன்னொரு பாடத்தைப் படிக்கலாம். அடியிலிருந்து வரும் நூலைத் தரையோடு ஒட்டி மெல்ல இழுத்தால் கண்டு நம்மை நோக்கி உருண்டு வரும், நூலைச் சுற்றிக்கொண்டே. நூலைச் செங்குத்தாகத் தூக்கி இழுத்தால் எதிர்ப்பக்கம் ஓடும், நூல் பிரியும். இடையில் ஒரு கோணத்தில் இரண்டும் இல்லாமல் திணறும். அந்தக் கோணத்தில் நூலின் நேர்கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி வழியாகவே போகும். நிற்கும் புள்ளியை மையமாக வைத்துப் பார்த்தால் எந்த இழுப்பு எந்தப் பக்கம் திருப்பும் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. உருளல் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

இனி வண்டிக்கு வருவோம். பெரியாறு அணை கட்டிய காலத்தில், 1887 முதல் 1895 வரை, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சாமான்கள் கம்பம் பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் மாட்டு வண்டியில்தான் போயின. மர வட்டை, ஆரக்கால், குடம், வெளியே பழுக்கக் காய்ச்சி மாட்டிய இரும்புப் பட்டை. சக்கரம் தரையில் நழுவுவதில்லை என்றால் தேய்மானம் எங்கே? அச்சில். சறுக்கும் உராய்வைத் தரையிலிருந்து அச்சுக்கு இடம் மாற்றியதே சக்கரத்தின் முதல் இலாபம். அங்கே வண்டி மை தடவலாம், சறுக்கும் தூரமும் குறைவு. அச்சின் ஆரம் சக்கர ஆரத்தில் 20-இல் ஒரு பங்கு என்றால், வண்டி 20 அடி போக அச்சில் ஓர் அடிதான் தேய்க்கும். மை தடவிய அச்சின் உராய்வெண் 0.1 என்றால் இழுவைக்குச் சுமையில் 200-இல் ஒரு பங்கு போதும்.

ஆனால் எந்த வண்டிக்காரரும் அப்படிச் சொல்ல மாட்டார், மண்ணில் புதையும் சக்கரத்தை இழுக்கும் கஷ்டம் அவருக்குத் தெரியும். நழுவாவிட்டாலும் உருளலுக்கு ஒரு தடை உண்டு. தரையும் சக்கரமும் அமுங்குகின்றன. அமுங்கிய இடம் முழுசாக மீள்வதில்லை. மண்ணாக இருந்தால் மீள்வதே இல்லை. ஆகவே தரையின் எதிர்விசை அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் சற்று முன்னே தள்ளி எழும்பி, சக்கரத்தைப் பின்னுக்குத் திருப்பப் பார்க்கிறது. 1780-களில் கூலும் மர உருளைகளை உருட்டி இதை அளந்தார். சக்கரம் பெரிதாக ஆகத் தடை குறைகிறது என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல்; எந்த விகிதத்தில் என்பதில் 1830-களில் பிரான்சில் பெரிய சண்டை. விட்டம் இரட்டித்தால் தடை பாதியாகும் என்றார் மோரன். விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும் என்றார் துப்பியி. எல்லாத் தரைக்கும் ஒரே விதி என்று தேடியதுதான் சண்டைக்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. மண் புதையும் விதம் வேறு, கல் அதிரும் விதம் வேறு. காற்றடைத்த டயர் வண்டி வந்ததும் மாட்டுக்குக் கிடைத்த ஆறுதல் இந்த அமுங்கலில்தான். மண் அமுங்குவதற்குப் பதில் டயர் அமுங்கியது, டயர் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

மாட்டு வண்டிக்கு இன்னொரு வசதி உண்டு. தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று வகை பிரித்து இந்த வட்டாரத்தில் நடக்கும் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயங்களில், எல்லையைத் தொட்டு வண்டிகள் அரைவட்டமாகத் திரும்பும் இடத்தைக் கவனிக்கலாம். வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், போகிறது. இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் ஒன்று மற்றதைக் கேட்க வேண்டியதில்லை. லாரிக்கு அது இயலாது, இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே எஞ்சின் சுழற்றுகிறது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு முழு வளைவிலும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட எவ்வளவு கூடுதலாக உருள வேண்டும்? சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் என்றால் 6.3 மீட்டர். வளைவு இறுக்கமானாலும் விசாலமானாலும் அதே 6.3 மீட்டர்தான்; வளைவின் ஆரம் கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது. இந்த வித்தியாசத்தை இரு சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தருவதே டிஃபரன்ஷியலின் வேலை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் சாலையில் தேய்ந்தாக வேண்டும்.

ரயிலுக்கு டிஃபரன்ஷியலும் இல்லை, தனிச் சுழற்சியும் இல்லை. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியவை. அங்கே தீர்வு வடிவத்தில் இருக்கிறது. சக்கரத்தின் உருளும் முகம் தட்டையாக இல்லாமல் 20-க்கு 1 என்ற சாய்வில் கூம்பாகக் கடையப்படுகிறது. வளைவில் அச்சு சற்று வெளிப்பக்கம் ஒதுங்கும். வெளிச்சக்கரம் பருத்த பகுதியிலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருளும். அகலப்பாதையில் 875 மீட்டர் ஆர வளைவுக்கு வேண்டிய ஒதுக்கம் வெறும் 9 மில்லிமீட்டர். மடலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவுதான். வளைவு இதைவிட இறுகினால் கூம்பு கைவிட்டுவிடும், மடல் உரசும், சக்கரம் கிறீச்சிடும். ரயில்வேக்காரர்கள் வளைவில் எண்ணெய் பூசுவது இதற்காகத்தான்.

கூம்பு வளைவைச் சமாளிக்கும். ஏற்றத்தைச் சமாளிக்க முடியாது. 1,000 டன் ரயிலை 120 டன் எஞ்சின் இழுக்கிறது என்று வைப்போம். காய்ந்த தண்டவாளத்தில் பிடிப்பெண் 0.25 என்றால் சக்கரங்கள் நழுவாமல் தரக்கூடிய இழுவை 30 டன். சமதரையில் உருளல் தடைக்கு 2 டன்னுக்குச் சற்று மேல் போதும். இரும்பின் தாராளம் அது. மீதி 28 டன் ஏற்றத்துக்கு. கணக்குப் போட்டால் 40-க்கு 1 என்ற ஏற்றத்தோடு கதை முடிகிறது. தூறல் விழுந்து பிடிப்பெண் 0.12-க்கு இறங்கினால் 90-க்கு 1 ஏறுவதே பாடு. எஞ்சின் மணலைத் தூவிக்கொண்டு ஏறும். எஞ்சினின் குதிரைத்திறனை எவ்வளவு கூட்டினாலும் இந்த எல்லை நகராது, சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும்.

இப்போது டாப் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் பார்க்கலாம். அது 1,700 மீட்டர் உயரத்தில். போடி 400 மீட்டருக்கும் கீழே. இடையில் 20 கிலோமீட்டர் வழி. சராசரி இறக்கமே 15-க்கு 1, அதிலும் பெரும்பகுதி கொட்டகுடிக்கு மேலே உள்ள 5 கிலோமீட்டரில். வழுவழுப்பான சக்கரம் இதில் சரக்கை ஏற்றவும் முடியாது, நம்பி இறக்கவும் முடியாது. நீலகிரியில் சுமார் 12-க்கு 1 ஏற்றத்துக்குத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டு, எஞ்சினின் பற்சக்கரத்தை அதில் கோத்து, நழுவலுக்கே இடமில்லாமல் செய்தார்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் அப்படித்தான் திறந்தது. போடி மலையில் சக்கரத்தையே விட்டுவிட்டு வடத்துக்குப் போனார்கள். பல்லோ வடமோ, இரண்டும் ஒரே ஒப்புதல்: பிடிக்கும் வேலையை இனி அந்தத் தொடுபுள்ளியிடம் கேட்க முடியாது. மதுரை–போடி மீட்டர்பாதை 2010-இன் முடிவில் மூடப்பட்டு, அகலப்பாதையாக 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் திறந்தபோதும், ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையைக் குடைந்து பாதையைத் தாழ்த்த வேண்டியிருந்ததன் பின்னால் இதே கணக்குதான் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நழுவல் உண்டு, அல்லது இல்லை என்ற கறுப்புவெள்ளைக் கணக்கு. உண்மைச் சக்கரம் அப்படி நடப்பதில்லை. 1876-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இரும்பு உருளையை ரப்பர் பரப்பில் உருட்டிப் பார்த்து, அது ஒரு சுற்றுக்குத் தன் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே நகர்வதைக் கண்டார். தொடும் இடம் புள்ளி அல்ல, ஒரு திட்டு. அதன் ஒரு பகுதி பிடித்திருக்கும்போதே இன்னொரு பகுதி இழுபட்டு ஊர்ந்துகொண்டிருக்கும். எஞ்சினின் இரும்புச் சக்கரத்துக்கும் இது பொருந்தும் என்று 1926-இல் கார்ட்டர் கணித்துக் காட்டினார். இழுவை வேண்டுமென்றால் கொஞ்சம் ஊர்ந்துதான் ஆக வேண்டும்; துளிகூட நழுவாத சக்கரம் துளிகூட இழுக்காது. டயரில் இது இன்னும் வெளிப்படை. அதிகபட்சப் பிடி கிடைப்பது நழுவல் பூஜ்யமாக இருக்கும்போது இல்லை, பத்து முதல் இருபது சதவீதம் நழுவும்போது. அதைத் தாண்டிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் பிடி குறைவதோடு ஸ்டியரிங்கும் கேட்காது. ஏ.பி.எஸ். பிரேக் ஒரு நொடிக்குள் பலமுறை விட்டுப் பிடித்து அந்தச் சதவீதத்தைச் சுற்றியே சக்கரத்தை வைத்திருக்கிறது. மலையிறக்கத்தில் அனுபவசாலி டிரைவர்கள் பிரேக்கை நம்பாமல் சின்ன கியரில் இறங்குவது முதன்மையாகப் பிரேக் சூடேறாமலிருக்க. சக்கரம் பூட்டாமல் உருண்டுகொண்டே இருப்பது அதோடு வரும் இன்னொரு காப்பு.

நழுவலை வேண்டுமென்றே வரவழைக்கும் இடமும் ஒன்று உண்டு, தேர். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவின் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களைத்தான் கூட்டம் பார்க்கும். நான் பார்ப்பது சக்கரத்தோடு ஒட்டிக் குனிந்து நடக்கும் முட்டுக்கட்டைக்காரர்களை. உருளும் சக்கரத்துக்கு முன்னால் ஆப்புக் கட்டையைச் செருகினால் சக்கரம் அதன்மேல் ஏற முயல்கிறது. கட்டை சாலையில் தேய்ந்துகொண்டு தேரோடு போகிறது. வேலை செய்யாத நிலை உராய்வு அந்தக் கணத்தில் ஆற்றலைத் தின்னும் இயக்க உராய்வாக மாறி, தேர் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், தேர் அந்தப் பக்கமாகத் தலை திருப்பும். சின்னத் திசைத்திருத்தம் எல்லாம் இப்படித்தான். நேரம் தவறிய கட்டை கையை நசுக்கிவிடும் என்பதால் இந்த வேலை பரம்பரையாகப் பழகியவர்களிடமே இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் அங்கே முட்டுக்கட்டை ஓயவில்லை. பிரேக் நிறுத்தும், திருப்பாது.

நான்கு வீதி முனைகளில் தேர் திரும்புவதற்குச் சக்கரத்தின் எந்தச் சூத்திரமும் உதவாது. அச்சுகள் அசையாதவை, முன்சக்கரம் ஒடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சில சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டே தீரும். ஆழித்தேருக்கு அந்த முனைகளில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, மசகு தடவி, அதன்மேல் சக்கரத்தை ஏற்றி வடத்தைக் குறுக்கே இழுக்கிறார்கள். தேர் நழுவித் திரும்புகிறது. திரும்பி முடிந்ததும் தகடுகளை அப்புறப்படுத்திவிட்டு, மசகு ஒட்டாத தரையில்தான் முட்டுக்கட்டைக்காரர்கள் மறுபடி கட்டையை எடுப்பார்கள்.